அகவிலைப்படியும் அதன் கணக்கு வரலாறும்

அரசு அலுவலரின் சம்பளப் பட்டியலில் அடிப்படை ஊதியத்தை அடுத்து நிற்பது ‘அகவிலைப்படி’ என்னும் சொல். அதனைத் திங்கள்தோறும் காண்பவருள் அச்சொல்லின் பொருளை நின்று நோக்குவார் மிகச் சிலரே. அகவிலை என்பது தானிய விலை; படி என்பது அளக்கும் கருவியின் பெயராகவும், நாட்செலவுக்கென அளிக்கப்பெறும் பொருளின் பெயராகவும் வழங்கி வருவது. எனவே தானிய விலையின் ஏற்றத்திற்கு ஈடாக அளக்கப்பெறுவது என்பதே இத்தொடரின் நேர்ப்பொருளாகும். வழக்கில் இதனைப் ‘பஞ்சப்படி’ என்றும் கூறுவர். அப்பெயரில் வேறொரு காலத்தின் நினைவு தங்கியிருத்தலைப் பின்னர்க் காண்போம்.

ஊதியம் குறித்த தமிழ்ச் சொற்கள் பலவும் தானியத்தோடு உறவுடையன. கூலம் என்பது தானியம். அதிலிருந்து கூலி பிறந்தது என்பர். சம்பளம் என்னும் சொல்லை நெல்லும் உப்பும் என்னும் பொருள்பட விரித்துரைப்பார் பாவாணர். வழிச்செலவுக்குரிய உணவினைக் குறிக்கும் வடசொல்லோடு அதனை இயைப்பாரும் உளர். இவ்விரு கருத்துகளுள் எது வலியுடையது என்னும் வழக்கினை ஈண்டுத் தீர்க்கப் புகவில்லை. எவ்வாறு கொள்ளினும் உணவே ஊதியத்தின் வேர் என்பது புலனாகும். ஊதியம் நெல்லாக அளக்கப்பட்ட காலத்தில் நெல்லின் விலை உயர்ந்தாலும் தாழ்ந்தாலும் உண்பவன் கலத்தில் விழும் சோறு குறைவதில்லை. அது காசாக மாறிய பின்னரே அகவிலை என்பது ஊழியனுக்கு அச்சம் தரும் பொருளாயிற்று. இன்று நடைபெறும் அகவிலைப்படிக் கணக்கு, காசாகிவிட்ட ஊதியத்தை மீண்டும் நெல்லளவிற்குக் கொண்டுவர முயலும் ஒரு முயற்சியே என்பதும், அம்முயற்சியில் அளவுகோல் எவர் கையில் உள்ளது என்பதே முதன்மையான வினா என்பதும் இக்கட்டுரையில் யாம் காட்ட விரும்புவன.

இவ்வாய்வுக்கு மேல்சித்தாமூரைச் சூழ்ந்த நிலப்பகுதி பொருத்தமான களமாகும். திண்டிவனத்திற்கும் செஞ்சிக்கும் இடைப்பட்ட இவ்வூர் தமிழ்ச் சமணரின் மடம் அமைந்த தலைமை இடம். பாறையில் செதுக்கிய திருவுருவங்களையுடைய மலைநாதர் கோயிலும் பார்சுவநாதர் கோயிலும் இங்கு உள்ளன. இதே விழுப்புரம் மாவட்டத்தைச் சார்ந்த எண்ணாயிரம் என்னும் ஊரில் முதலாம் இராசேந்திரன் காலத்துக் கல்வெட்டு ஒன்று உள்ளது. பதினோராம் நூற்றாண்டில் அங்கு நிகழ்ந்த ஒரு பெருங்கல்லூரியின் வரவு செலவுத் திட்டம் என்றே அதனைக் கூறலாம். இளமாணாக்கர் 270 பேர். முதுமாணாக்கர் 70 பேர். ஆசிரியர் 14 பேர். இளமாணாக்கர் ஒவ்வொருவர்க்கும் நாளொன்றுக்கு 6 நாழி நெல். முதுமாணாக்கர்க்கு ஒரு குறுணி இரு நாழி. எட்டு நாழி ஒரு குறுணியாதலின் பின்னது 10 நாழியாகும். 96 நாழி கொண்டது ஒரு கலமாதலின், முதுமாணாக்கர் ஒருவர் ஆண்டொன்றுக்குப் பெற்றது ஏறத்தாழ 38 கலம் எனக் கணக்கிடலாம். ஆசிரியர்க்கு நாள்தோறும் நெல்லும் ஆண்டுதோறும் பொன்னும் வகுக்கப்பட்டன. இவற்றுக்கெல்லாம் முதலாக 45 வேலி நிலம் விடப்பட்டது.

இங்கு உற்று நோக்கற்பாலது, ஊதியம் இரு கூறாக நிற்றல். உணவுக்கு நெல், ஏனைத் தேவைகட்குப் பொன். வீரராசேந்திரன் காலத்துத் திருமுக்கூடல் கல்வெட்டிலும் இவ்வமைப்பே காணப்படுகின்றது. அங்கிருந்த மருத்துவசாலையின் மருத்துவர்க்கு ஆண்டுக்கு 90 கலம் நெல்லும் 8 காசும் வகுக்கப்பட்டன. தஞ்சைப் பெரிய கோயிலில் தளிச்சேரிப் பெண்டுகள் நானூற்றுவர்க்குப் பங்கு ஒன்றுக்கு ஆண்டுக்கு 100 கலம் நெல் என முதலாம் இராசராசன் வகுத்தபோது, ‘ஆடவல்லான்’ என்னும் மரக்காலால் அளக்க வேண்டும் என்பதனையும், அம்மரக்கால் இராசகேசரியோடு ஒப்பது என்பதனையும் கல்லில் பொறித்து வைத்தான். எத்தனை கலம் என்று கூறினால் மட்டும் போதாது, எந்த மரக்காலால் என்பதனையும் கூற வேண்டும் என்பதனை அக்காலத்துக் கணக்கர் நன்கு அறிந்திருந்தனர். இவ்வறிவு பிற்காலத்தில் எத்துணை இன்றியமையாததாயிற்று என்பதனை மேலே காண்போம்.

விலையேற்றத்தினின்று அறக்கட்டளையைக் காக்கும் மற்றொரு முறையும் கல்வெட்டுகளில் உண்டு. நந்தாவிளக்கு ஒன்றுக்கு 90 அல்லது 96 ஆடுகள் விடப்படும். அவை ‘சாவா மூவாப் பேராடு’ எனப்பட்டன. ஆடுகளைப் பெற்ற இடையன் மந்தையின் எண்ணிக்கை குறையாமற் காத்து, நாள்தோறும் உழக்கு நெய் அளக்கக் கடமைப்பட்டான். நெய் விலை என்னவாயினும் விளக்கு எரியும். கொடையாளி காசைக் குறித்திருந்தால் சில தலைமுறைகளில் அவ்விளக்கு அவிந்திருக்கும். நெய்யின் அளவைக் குறித்தமையால் நூற்றாண்டுகள் கடந்தும் எரியும் என அவன் நம்பினான். பொருளியலார் இன்று குறியீட்டெண்ணோடு பிணைத்தல் என்று கூறுவதன் உட்கருத்து இதுவே.

ஆங்கிலேயர் ஆட்சியில் அரசு ஊழியரின் ஊதியம் முழுதும் காசாயிற்று. ஆனால் பஞ்சம் வந்தபோதெல்லாம் குறைந்த ஊதியமுடைய ஊழியர் நிலை கவலைக்கிடமாயிற்று. ஆகவே உணவுத் தானியத்தின் விலை குறித்த எல்லையைக் கடந்தால், கீழ்நிலை ஊழியர்க்குத் தானிய ஈட்டுப்படி ஒன்று அளிக்கும் வழக்கம் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே உருவாயிற்று. விலை இறங்கியதும் அது நிறுத்தப்படும். 1876-78ஆம் ஆண்டுகளின் பெரும்பஞ்சத்தில் நிவாரணப் பணிகளில் ஈடுபட்ட மக்களின் கூலியும் தானிய அளவைக் கொண்டே வகுக்கப்பட்டது. 1877இல் சர் ரிச்சர்டு டெம்பிள் அக்கூலியை நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும் சிறு காசும் என்ற அளவிற்குக் குறைத்தார். உழைக்கும் உடலுக்கு அது போதாது எனச் சென்னை மாகாணச் சுகாதார ஆணையராக விளங்கிய கார்னிஷ் மறுத்துரைத்தார். மனிதனுக்கு எத்துணைத் தானியம் வேண்டும் என்னும் வினா அரசின் கோப்புகளில் எண்ணாக நின்று வழக்காடப்பட்ட காலம் அது. ‘பஞ்சப்படி’ என்னும் வழக்குச் சொல் அக்கால நினைவைத் தாங்கியது என்று கொள்ளுதல் தவறாகாது.

இரண்டாம் உலகப் போர் இவ்வழக்கத்தை நிலையான ஏற்பாடாக்கியது. போர்க்கால விலையேற்றம் இறங்காமையால், அவ்வப்போது தரப்பட்ட படி திங்கள்தோறும் தரப்படுவதாயிற்று. 1946இல் அமைந்த முதல் ஊதியக் குழுவிற்குத் தலைமை தாங்கியவர் சென்னை உயர்நீதிமன்றத்திலும் பின்னர்க் கூட்டாட்சி நீதிமன்றத்திலும் நீதிபதியாக விளங்கிய சீனிவாச வரதாச்சாரியார். 1947இல் அக்குழு மிகக் குறைந்த ஊதியமாக வகுத்தது 55 ரூபாய். அதில் அடிப்படை 30, அகவிலைப்படி 25. ஏறத்தாழப் பாதியளவு படியாகவே நின்றது என்பதனைக் கருதுக. விலைகள் போருக்கு முந்திய நிலையினும் சற்று உயர்ந்து ஓரிடத்தில் நிலைபெறும், பின் படி தானே தேயும் என்னும் நம்பிக்கையில் அவ்வமைப்பு எழுந்தது. அந்நம்பிக்கை நிறைவேறவில்லை. 1952இல் காட்கில் குழு, படியில் பாதியை ஊதியமாகவே கொள்க என்று பரிந்துரைத்தமை, விலை இனித் திரும்பாது என்பதனை அரசு ஒருவாறு ஒப்புக்கொண்டதற்குச் சான்றாகும்.

1957இல் இந்தியத் தொழிலாளர் மாநாட்டின் பதினைந்தாம் கூட்டம் தேவையளவு ஊதியம் என்பதற்கு ஒரு வரையறை தந்தது. ஒரு குடும்பத்திற்கு மூன்று நுகர்வு அலகுகள், அலகொன்றுக்கு மருத்துவர் அய்க்ராய்டு வகுத்த 2,700 கலோரி உணவு, குடும்பத்திற்கு ஆண்டுக்கு 72 கெசத் துணி, வாடகை; இவற்றோடு விளக்கு, விறகு முதலியவற்றிற்கு 20 விழுக்காடு. எண்ணாயிரத்துக் கல்வெட்டைப் படித்த கண்களுக்கு இப்பட்டியல் புதிதாகத் தோன்றாது. ஆயின் செகந்நாததாசு தலைமையில் அமைந்த இரண்டாம் ஊதியக் குழு 1959இல் இவ்வரையறையை ஏற்காது, 80 ரூபாயையே குறைந்த ஊதியமாக வகுத்தது. அதன் விளைவாக 1960 சூலை 11ஆம் நாள் நள்ளிரவில் மைய அரசு ஊழியரின் வேலைநிறுத்தம் தொடங்கி ஐந்து நாள் நடைபெற்றது. அரசு அவசரச் சட்டம் பிறப்பித்து அதனை அடக்கியது. 1968 செப்டம்பர் 19இல் ஒருநாள் வேலைநிறுத்தம் மீண்டும் எழுந்தபோதும் தேவையளவு ஊதியமே முதற் கோரிக்கையாக நின்றது. அவ்வரையறையை அடியாகக் கொண்டு குறைந்த ஊதியத்தைக் கணக்கிட்டது ஏழாம் ஊதியக் குழு. அது வகுத்த 18,000 ரூபாய் 2016இல் நடைமுறைக்கு வந்தது. இடைப்பட்ட காலம் ஏறத்தாழ அறுபது ஆண்டு.

இக்குழுக்களின் வரலாற்றில் மற்றொரு செய்தியும் உண்டு. விலையேற்றத்தின் முழு அளவும் ஈடுசெய்யப்பட வேண்டுமா, ஒரு பகுதி போதுமா என்பது அது. நான்காம் ஊதியக் குழு 3,500 ரூபாய் வரை ஊதியம் பெறுவோர்க்கு முழு ஈடும், 6,000 வரை பெறுவோர்க்கு 75 விழுக்காடும், அதற்கு மேற்பட்டோர்க்கு 65 விழுக்காடும் வகுத்தது. ஆண்டுக்கு இருமுறை, சனவரி, சூலைத் திங்கள்களின் முதல் நாள் தொட்டுப் படியைத் திருத்தும் இன்றைய ஒழுங்கும் அக்குழுவினதே. நீதிபதி இரத்தினவேல் பாண்டியன் தலைமையில் அமைந்த ஐந்தாம் குழு 1997இல் அனைவர்க்கும் முழு ஈடு என்று பரிந்துரைத்து அவ்வேற்றத்தாழ்வை நீக்கிற்று. முதற் குழுவிற்கும் ஐந்தாம் குழுவிற்கும் தமிழர் இருவர் தலைமை தாங்கினர் என்பது நம் வரலாற்றாசிரியர் இதுவரை போதிய கவனம் செலுத்தாத செய்தி.

இனி, ஏழாம் குழுவின் ஊதிய அமைப்பில் கணக்கு நிகழும் முறையைக் காண்போம். தொழில்துறைத் தொழிலாளர்க்குரிய அகில இந்திய நுகர்வோர் விலைக் குறியீட்டெண்ணைத் திங்கள்தோறும் வெளியிடுவது மைய அரசின் தொழிலாளர் செயலகம். பன்னிரு திங்கள் எண்களின் சராசரியை எடுத்து, அதிலிருந்து 261.42ஐக் கழித்து, எஞ்சியதை 261.42ஆல் வகுத்து, நூறால் பெருக்க வருவதே படியின் விழுக்காடு. 261.42 என்பது 2001ஐ அடியாண்டாகக் கொண்ட வரிசையில் 2015ஆம் ஆண்டின் சராசரி. 2020 செப்டம்பர் முதல் 2016ஐ அடியாண்டாகக் கொண்ட புதிய வரிசை வெளிவருதலின், அதன் எண்ணை 2.88ஆல் பெருக்கிப் பழைய வரிசைக்கு மாற்றிக்கொள்வர். எடுத்துக்காட்டாக, புதிய வரிசையின் சராசரி 140 எனக் கொள்வோம். 2.88ஆல் பெருக்க 403.20 ஆகும், 261.42ஐக் கழிக்க எஞ்சுவது 141.78; விழுக்காடு 54.23. பின்னத்தை நீக்கி 54 எனக் கொள்வர். அடிப்படை ஊதியம் 30,000 ரூபாயாயின் படி 16,200 ரூபாய்.

நீக்கப்பட்ட பின்னம் எங்கே போயிற்று என்று சிலர் வினவுவர். அடுத்த முறையும் கணக்கு 261.42 என்னும் அதே அடியிலிருந்து தொடங்குதலின், அப்பின்னம் அழிவதில்லை. அடுத்த கணக்கில் மீண்டும் தோன்றும். ஆனால் ஒரு குழுவின் காலம் முடிந்து மற்றொன்றின் காலம் தொடங்கும்போது நிலைமை வேறு. ஆறாம் குழுவின் அடி 115.76. அதனோடு 261.42ஐ ஒப்பிட்டால் ஏற்றம் 125.83 விழுக்காடு. ஊதியத்தோடு இணைக்கப்பட்டதோ 125 மட்டுமே. புதிய அடி முழுமையான 261.42 ஆதலின், எஞ்சிய 0.83 இரு கணக்கிலும் சேராது நின்றது. ஊதியத்தை 2.57 மடங்காக உயர்த்தியமையால் இக்குறை மறைந்துவிட்டது என்று கூறலாம். கூறினும் கணக்கு கணக்கே.

இதனினும் பெரியது காலத்தாழ்வு. பன்னிரு திங்கள் சராசரி என்பது பின்னோக்கும் கண். ஒரு திங்களில் குறியீட்டெண் 6 புள்ளி உயர்ந்தாலும் சராசரியில் அது அரைப் புள்ளியாகவே தோன்றும். சனவரிக்குரிய படி பெரும்பாலும் மார்ச்சுத் திங்களில்தான் அறிவிக்கப்படும்; நிலுவை பின்னர் வரும். விலை முன்னே செல்ல, படி அதன் சுவடு பார்த்துப் பின்னே நடக்கிறது. அகவிலைப்படி உயர்வு என்று செய்தி வருந்தோறும் அதனை அரசின் பரிசு போலக் கருதுவார் கருத்து இதனால் பொருந்தாது. அப்படி வருவதற்கு முன்னரே அப்பொருளைக் கடைக்காரர் பெற்றுவிட்டார்.

அளவுகோல் எவருடையது என்னும் வினாவுக்கு வருவோம். இக்குறியீட்டெண் ஆலை, சுரங்கம், தோட்டம், இருப்புப்பாதை, பொதுப் போக்குவரத்து, மின்னாக்கம், துறைமுகம் ஆகிய ஏழு துறைகளின் தொழிலாளர் குடும்பங்கள் எவ்வாறு செலவிடுகின்றன என்று ஆராய்ந்து அமைத்தது. அரசு அலுவலகத்து எழுத்தரும் பள்ளி ஆசிரியரும் அவ்வாய்வில் இடம் பெறுபவர் அல்லர். அரசு ஊழியர்க்கெனத் தனி ஆய்வு நடத்தும் வாய்ப்பினை நோக்குக என்று ஆறாம் ஊதியக் குழு பரிந்துரைத்தது இக்குறையை உணர்ந்தேயாம். ஏழாம் குழுவின் கணக்கும் தொழிலாளர் எண்ணையே பற்றி நின்றது. விலை திரட்டப்படும் நகரங்கள் 2016ஆம் வரிசையில் 88. சென்னை, கோவை, குன்னூர், மதுரை, சேலம் போன்றவை அவற்றுள் அடங்கும், புதுச்சேரியும் உண்டு. விழுப்புரமும் திண்டிவனமும் இல்லை. மேல்சித்தாமூரில் பணியாற்றும் அரசு ஊழியர்க்கு அளவு மரக்கால் நாடெங்கும் பரவிய அந்நகரங்களில் இருக்கிறது எனலாம். வீட்டு வாடகைப்படி ஊருக்கு ஊர் வேறுபட, அகவிலைப்படி மட்டும் எவ்வூரிலும் ஒரே விழுக்காடாக நிற்கும்.

வரிசைகள் மாறுந்தோறும் உணவுக்குரிய நிறையும் மாறி வந்துள்ளது. 1960ஆம் ஆண்டை அடியாகக் கொண்ட வரிசையில் நூற்றுக்கு 60.9, 1982இல் 57, 2001இல் 46.2; 2016இல் 39.17. குடும்பங்களின் செலவு உணவினின்று வாடகைக்கும் கல்விக்கும் மருத்துவத்திற்கும் போக்குவரத்திற்கும் நகர்ந்தமையை இது காட்டும். பொதுவாக இம்மாற்றம் நேரியதே. ஆயினும் அரிசியும் பருப்பும் காய்கறியும் மட்டும் ஏறும் ஓராண்டில், குறைந்த ஊதியமுடையார் செலவில் உணவின் பங்கு மிகுதியாதலின், அவர் உணரும் ஏற்றம் எண் காட்டும் ஏற்றத்தினும் மிகும். அகவிலைப்படியில் அகவிலையின் பங்கு பாதிக்கும் கீழே சென்றுவிட்டது என்பது சொல்லாராய்ச்சி செய்வார்க்கு ஒரு வியப்பு. கடைநிலை ஊழியர்க்கு அது வியப்பு மட்டும் அன்று.

கணக்கு முறை எத்துணைத் திருத்தமுறினும் அதனை நிறுத்தி வைக்கும் ஆற்றல் அரசின்பால் உள்ளது. 1974ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றால், கூடுதல் அகவிலைப்படியில் பாதி கட்டாய வைப்பாகப் பிடிக்கப்பட்டது. அது பின்னர்த் திருப்பித் தருதற்குரியது. 2020இல் பெருந்தொற்றுக் காலத்தில் நிகழ்ந்தது வேறு வகை. 2020 சனவரி, 2020 சூலை, 2021 சனவரி ஆகிய மூன்று தவணைகள் நிறுத்தப்பட்டன; படி 17 விழுக்காட்டிலேயே நின்றது. மூன்று தவணைகளும் முறையே 4, 3, 4 விழுக்காடு. 2021 சூலை முதல் அவை சேர்க்கப்பட்டபோது, கடந்த 18 திங்களுக்கு நிலுவை இல்லை என அறிவிக்கப்பட்டது. அடிப்படை ஊதியம் 30,000 ரூபாய் பெறுவார்க்கு அவ்விழப்பைக் கணக்கிடுவோம். முதல் ஆறு திங்கள் திங்களுக்கு 1,200 வீதம் 7,200. அடுத்த ஆறு திங்கள் 2,100 வீதம் 12,600. இறுதி ஆறு திங்கள் 3,300 வீதம் 19,800. ஆக 39,600 ரூபாய். 2021 சூலை முதல் மைய அரசு 31 விழுக்காடு அளித்தது. தமிழ்நாட்டரசு அவ்வளவை 2022 சனவரி முதலே அளித்தமையால், மாநில ஊழியர்க்கு மேலும் ஆறு திங்கள் 14 விழுக்காடு குறைந்தது. அது 25,200 ரூபாய். மேல்சித்தாமூர் போன்றதோர் ஊரில் அவ்வூதியம் பெற்ற அரசுப் பள்ளி ஆசிரியர் ஒருவர்க்கு இரண்டாண்டுகளில் வாராது போனது 64,800 ரூபாய் என்பது இதனாற் பெறப்படும். அரசின் வருவாய் அக்காலத்தில் வீழ்ந்தது உண்மை. மருத்துவச் செலவு பெருகியதும் உண்மை. ஆயினும் அக்காலத்தில் கடைவீதியின் விலை நிறுத்தி வைக்கப்படவில்லை. மந்தையில் ஆடு குறைந்தது என்று கூறி உழக்கு நெய்யை நிறுத்த இடையனுக்கு உரிமையில்லை என்பது பழைய ஒப்பந்தத்தின் உயிர்நிலை. புதிய ஒப்பந்தத்தில் அவ்வுயிர்நிலை இல்லை.

இவ்வளவும் அகவிலைப்படி பெறுவாரைப் பற்றியது. அதே ஊரில் வயல் வேலை செய்வாரின் நிலையையும் ஒரு சொல்லால் குறித்தல் வேண்டும். அவர்க்குரிய குறியீட்டெண் வேறு. வேளாண் தொழிலாளர் நுகர்வோர் விலைக் குறியீட்டெண் என்பது அதன் பெயர். ஊரக வேலை உறுதித் திட்டத்தின் கூலி அவ்வெண்ணைக் கொண்டே ஆண்டுதோறும் திருத்தப்பட்டு வந்தது. தமிழ்நாட்டிற்கு 2024இல் நாளொன்றுக்கு 319 ரூபாயாகவும் 2025இல் 336 ரூபாயாகவும் அறிவிக்கப்பட்டது. தொழில்துறைத் தொழிலாளர் எண்ணின் அடியாண்டு 1982, 2001, 2016 என மாறி வந்திருக்க, வேளாண் தொழிலாளர் எண் 1986-87ஆம் ஆண்டின் அடியிலேயே 2025 வரை நின்றது. அவ்வாண்டில்தான் 2019 அடியாண்டாயிற்று. ஒரு தலைமுறைக் காலம், கைப்பேசியும் தனியார் பள்ளிக் கட்டணமும் சிற்றூர்க் குடும்பங்களின் செலவில் நுழைந்த காலம் முழுதும், அவர் வாழ்க்கை பழைய மரக்காலாலேயே அளக்கப்பட்டது. ஆசிரியரும் வயல் தொழிலாளியும் திண்டிவனத்து அங்காடியில் ஒரே மூட்டையிலிருந்து அரிசி வாங்கக்கூடும். அவ்வரிசியின் விலையேற்றம் ஒருவர்க்கு ஆண்டுக்கு இருமுறை ஓர் எண்ணாலும், மற்றவர்க்கு ஆண்டுக்கு ஒருமுறை வேறோர் எண்ணாலும் அளக்கப்பட்டது. தொகுப்பூதியத்தில் பணியாற்றுவார்க்கோ எவ்வெண்ணும் இல்லை.